புரொஜெக்டருக்குக் கறுப்பு தெரியாது

குத்துக்கல்வலசையிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பள்ளியில் கூடப் படித்தவர்கள் இந்தச் சாரலுக்கு ஒன்றுகூடப் போகிறார்கள். ஆளாளுக்குச் சேர்த்துவைத்த படங்கள் முந்நூறு தேறுமாம். பழைய வகுப்புப் படங்கள், பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லாம் அதில் உண்டு. பின்னணி இசையோடு சிலைடு ஷோவாகப் போட ஆசை. இணையத்தில் ‘9000 லூமன், 4கே’ என்று ஒரு புரொஜெக்டர் மலிவு விலைக்கு வருகிறதே, வாங்கலாமா என்பது அவருடைய முதல் கேள்வி. அதே மாதிரி ஒன்றை வாங்கிய நண்பர் வீட்டில் அருவிப் படத்தைப் போட்டுப் பார்த்தபோது, பாறையெல்லாம் சிமென்ட் பூசியது போலத் தெரிந்ததே, ஏன் என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: வேண்டாம். இரண்டாவது கேள்விதான் ருசியானது.

பேரருவி விழும் பாறையை நினைத்துக்கொள்ளுங்கள். நனைந்து கறுத்த கல், அதன்மேல் நுரைத்து இறங்கும் வெள்ளை. இந்தப் படத்தைத் திரையில் போடும்போது தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் புரொஜெக்டர் வெளிச்சத்தை அனுப்புகிறது. பாறை இருக்கிற இடத்துக்கு? ஒன்றும் அனுப்புவதில்லை. அனுப்பாமல் விடுவது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த கறுப்பு. விட்ட இடத்தில் நம் கண்ணுக்குப் படுவது வெறும் திரை, திரையோ வெள்ளை. அறையில் எரியும் டியூப்லைட் அந்த வெள்ளைத் துணியை எந்தச் சாம்பல் நிறத்தில் காட்டுகிறதோ, அன்றைக்குக் குற்றாலத்துப் பாறைக்கு அதுதான் நிறம்.

வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. கையில் இருப்பது வெள்ளை மாவு. கறுப்பு, தரையிலிருந்துதான் வர வேண்டும். அதனால்தான் முதலில் சாணி தெளிக்கிறார்கள். வெளிறிய சிமென்ட் தரையில் போட்டால் எத்தனை படி மாவு கொட்டினாலும் கோலம் சோகை பிடித்தே கிடக்கும். புரொஜெக்டர் ஒரு கோலமாவு டப்பா, லூமன் என்பது மாவின் படிக்கணக்கு, விளக்கை அணைப்பது சாணி தெளிப்பது. ஜன்னல் இடுக்கில் வருகிற வெயில், பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து ஒரு கை மாவை வாரி இறைத்துவிட்டுப் போவது. கலர்ப்பொடியாவது காப்பாற்றுமா என்றால் இல்லை, வெளிறிய தரையில் சிவப்பும் ரோஸாகத்தான் தெரியும். விளக்கு எரியும் அறையில் படத்தின் நிறங்கள் சாயம் போவதும் இப்படித்தான். கோலமாவைத் தின்ன வரும் எறும்புக்கு இணையாக எதைச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன், அகப்படவில்லை.

இனி கணக்கு. இரண்டு மீட்டர் அகலத் திரை, இப்போதைய 16:9 வடிவம் என்றால் பரப்பு 2.25 சதுர மீட்டர். மலிவுப் பெட்டி, விளம்பரம் என்ன சொன்னாலும், உண்மையில் 200 லூமன் தருகிறது என்று வைப்போம். திரையில் விழுவது சதுர மீட்டருக்கு 89 லூமன், அதாவது 89 லக்ஸ். டியூப்லைட் எரியும் அறையில் அதே திரைமேல் 100 லக்ஸ் ஏற்கெனவே கிடக்கிறது. ஆக, அருவி 189, பாறை 100. வெள்ளைக்கும் கறுப்புக்கும் இரண்டு மடங்குகூட வித்தியாசம் இல்லை. சிமென்ட் பூசியது போலத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்?

சரி, பதினைந்து மடங்கு வெளிச்சம் தரும் 3000 லூமன் கருவியை அதே அறைக்குள் கொண்டுவருவோம். அருவி 1433, பாறை 100. பதினான்கு மடங்கு, பரவாயில்லை. இப்போது அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, பழைய 200 லூமன் பெட்டியையே வைத்து, டியூப்லைட்டை அணைத்து, கதவிடுக்கு வெளிச்சமாக ஒரு 5 லக்ஸை மட்டும் விட்டுவையுங்கள். அருவி 94, பாறை 5. கிட்டத்தட்ட பத்தொன்பது மடங்கு. பல்லாயிரம் ரூபாய் கருவி செய்ததைவிட ஒரு சுவிட்ச் அதிகமாகச் செய்துவிட்டது. இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார், சுவிட்சை அணைப்பதில் அவருக்குக் கமிஷன் இல்லை.

கண் வெளிச்சத்தை எண்ணிப் பார்ப்பதில்லை, ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. பக்கத்துப் பக்கத்து இடங்களில் சுமார் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால்தான் இரண்டும் வேறு என்று அதற்குத் தோன்றும். படக்கோப்பில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 0 முதல் 255 என்று 256 படிகள். அந்த 200 லூமன் பெட்டியை டியூப்லைட் அறையில் ஓட்டினால், கணக்குப்படி, கீழிருந்து முதல் 33 படிகள் சாம்பலில் மூழ்கிப்போகின்றன. விளக்கை அணைத்தால் மூழ்குவது சுமார் 8. கருவியே கசியவிடும் வெளிச்சத்தை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் இரண்டுமே கூடும். பாறையின் வெடிப்பு, ஈரத்தில் மின்னும் பாசி, வகுப்புப் படத்தில் கடைசி வரிசையில் நிற்பவனின் தலைமுடி எல்லாம் குடியிருப்பது அந்தக் கீழ்ப்படிகளில்தான்.

இன்னும் ஒரு குசும்பு உண்டு. விளக்கை எல்லாம் அணைத்தாலும் அறையில் ஒரு விளக்கு மிச்சம் இருக்கிறது: படம். அருவியின் வெள்ளை திரையில் பட்டுத் தெறித்து, சுண்ணாம்பு அடித்த சுவருக்கும் கூரைக்கும் போய், அங்கிருந்து திரும்பிவந்து பாறைமேல் விழுகிறது. படத்தின் வெள்ளையே படத்தின் கறுப்பைக் கெடுக்கிறது. பெட்டிமேல் ‘10000:1’ என்று அச்சடிக்கும் கான்ட்ராஸ்ட் கணக்கு, முழு வெள்ளையை ஒரு தடவையும் முழுக் கறுப்பை ஒரு தடவையும் தனித்தனியாக அளந்து வகுத்தது. சதுரங்கப் பலகை போல இரண்டையும் ஒரே திரையில் வைத்து அளந்தால் அந்த எண் நூற்றுக்கணக்குக்கு இறங்கிவிடும். பார்க்கப்போகிற படத்தில் அருவியும் பாறையும் ஒரே நேரத்தில்தான் இருக்கின்றன. திரையைச் சுற்றியுள்ள சுவரிலும் அதற்கு மேலே உள்ள கூரையிலும் கறுப்புத் துணியைக் கட்டுவது பார்க்க அசிங்கமாக இருக்கும்; படம் போட்ட பிறகு யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை.

அச்சடித்த படத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. தாளில் கறுப்பு என்பது வெளிச்சத்தைத் தின்னும் பொருள். அறையில் எவ்வளவு வெளிச்சம் கூடினாலும் வெள்ளையும் கறுப்பும் ஒரே விகிதத்தில் கூடும். ஆல்பத்தை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் இன்னும் நன்றாகவே இருக்கும். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்து, கடைசிவரை கறுப்பு வெள்ளையிலேயே காட்டு விலங்குகளைப் படமெடுத்த மா.கிருஷ்ணனின் யானைகளை வெயிலில் பிரித்துப் பார்க்கலாம். அதையே ஸ்கேன் செய்து கல்யாண மண்டபத்தில் பகலில் புரொஜெக்டரில் போட்டால் யானை புகையாகிவிடும்.

வரலாறு சொல்லாமல் விட்டால் சிலர் கோபிப்பார்கள். 1659-இல் ஹாலந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் கண்ணாடியில் வரைந்த படத்தை விளக்கால் சுவரில் பெரிதாக்கிக் காட்டினார். 1905-இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக் கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டினார். 1961-இல் கோடாக்கின் வட்டத்தட்டு சிலைடு புரொஜெக்டர் வந்தது. 2004-இல் அந்த நிறுவனம் சிலைடு புரொஜெக்டர் தயாரிப்பையே நிறுத்தியது. எனக்கு இதில் பிடித்தது ஒன்றுதான்: அந்தக் காலத்தில் யாருக்கும் இருட்டைப் பற்றிச் சந்தேகமே வரவில்லை. கூடாரம் என்றால் இருட்டு, டாக்கீஸ் என்றால் இருட்டு. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே படம் பார்க்கலாம் என்ற ஆசையைக் காட்டியது பிற்கால விளம்பரம்.

அந்த 9000 எங்கிருந்து வந்தது? திரையில் ஒன்பது இடங்களில் வெளிச்சத்தை அளந்து, சராசரி எடுத்துப் பரப்பால் பெருக்குவது ‘ஆன்சி லூமன்’. இதற்கு ஐ.எஸ்.ஓ. 21118 என்ற தரநிலையும் இருக்கிறது. மலிவுப் பெட்டிக்காரர்கள் இவை எதையும் தொடுவதில்லை. உள்ளே இருக்கும் எல்.இ.டி. தருகிற வெளிச்சத்தை எண்ணுகிறார்கள், சிலர் அதையும் எண்ணாமல் கையில் கிடைத்த எண்ணை அச்சடிக்கிறார்கள். இப்படிப் போட்டதற்காக எப்சன் நிறுவனம் அமெரிக்காவில் சில போட்டியாளர்கள்மேல் வழக்கே போட்டது. எப்சன் ஒன்றும் தர்மத்துக்குப் போடவில்லை. ஆனாலும் வழக்கில் சாரம் இருந்தது. ‘4கே சப்போர்ட்’ என்பதும் இதே ரகம். 4கே கோப்பை வாங்கிக்கொள்ளும், காட்டுவது அதில் ஒன்பதில் ஒரு பங்காக இருக்கலாம். பெட்டியில் ‘நேட்டிவ்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அலங்காரம்.

மண்டபக்காரர்கள் எல்.இ.டி. திரைக்கு மாறியதற்குக் காரணம் பகலிலும் படம் தெரிவதுதான். நியாயம். ஆனால் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் இருக்கும் திரை மூன்று மீட்டர் அகலம் என்றால் குறுக்கே ஆயிரம் புள்ளிகள். மாப்பிள்ளையும் பெண்ணும் குற்றாலத்தில் 4கே-யில் எடுத்த பாட்டு அங்கே கால்வாசி அகலத்துக்குச் சுருங்கித்தான் ஓடுகிறது.

படங்களைத் தயார் செய்வது இதிலிருந்தே வரும். 1920 x 1080 திரையில் மொத்தம் இருபது லட்சம் புள்ளிகள்தான். 24 மெகாபிக்சல் படத்தை அப்படியே கொடுத்தால் சுருக்கும் வேலையை அவசரத்தில் கருவி செய்யும், மோசமாகச் செய்யும். நீங்களே 1080 உயரத்துக்குச் சுருக்கி, சுருக்கிய பிறகு கொஞ்சமாகக் கூர்மை ஏற்றுங்கள். முதலில் ஏற்றினால் வீண். நிற அமைப்பு ‘எஸ்.ஆர்.ஜி.பி.’ ஆக இருக்கட்டும். நிழல் பகுதியைக் கணினியில் பார்க்கும்போது ‘கொஞ்சம் வெளுத்துவிட்டதோ’ என்று தோன்றும் அளவுக்கு உயர்த்துங்கள், மூழ்கும் படிகளிலிருந்து பாறையை மேலே தூக்கிவிடுகிறீர்கள். சிலைடின் பின்னணி வெள்ளையாக இருக்கவே கூடாது. நிமிர்ந்து நிற்கும் படத்துக்கு இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை வைத்தால், அந்தப் பட்டையே டியூப்லைட் வேலையைச் செய்யும்.

வாட்ஸாப்பில் வாங்கிய படங்களைத் திரும்பவும் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அளவு குறைவது பெரிய சேதமில்லை, சேதம் அமுக்குவதில். ஜேபெக் முறை படத்தை 8 x 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்குள் நுணுக்கத்தைச் சிக்கனம் செய்கிறது. வானத்துக்கு அது போதும். அருவித் திவலை என்பது கட்டத்துக்குக் கட்டம் நுணுக்கம்தான், அதனால் அடி முழுக்க அதன்மேலேயே விழும். பெரிய திரையில் தண்ணீர் கட்டம் கட்டமாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள்.

முந்நூறு படம் அதிகம். ஒன்றுக்கு ஐந்து நொடி என்றாலும் 25 நிமிடம். சாப்பாடு தயார் என்று தெரிந்த பிறகு நம் ஆட்கள் உட்கார மாட்டார்கள். நூறு போதும். லேப்டாப்பில் இரவு ஒளி அமைப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்ததும் அருவி தானாக மஞ்சள் பூசிக்கொள்ளும். ஒலி எச்.டி.எம்.ஐ. வழியாகப் புரொஜெக்டரின் குட்டி ஸ்பீக்கருக்குப் போகாமல் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறதா என்று முன்பே பாருங்கள். உர்ர் என்று ஓசை வந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், அல்லது எல்லாவற்றுக்கும் ஒரே பிளக் போர்டிலிருந்து கரண்ட் எடுங்கள். அருவி இரைச்சலைப் பின்னணியில் சேர்க்க வேண்டாம் என்பது என் கட்சி. சின்ன ஸ்பீக்கரில் அதன் அடித்தொண்டை காணாமல் போய், வடை பொரிகிற சத்தம்தான் மிஞ்சும்.

மண்டபம் கிடைக்காமல் வெளியில் போடுவதாக இருந்தால் சூரியனே உங்களுக்குச் சுவிட்ச். ஜூலையில் தென்காசிப் பக்கம் அஸ்தமனம் சுமார் 6.45. வெயில் அதற்கு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும், ஆனால் வானம் இன்னும் வெளிச்சமாகவே இருக்கும், அதை நம்பித் தொடங்கிவிடாதீர்கள். தெளிந்த வானத்தில் அஸ்தமன நேரத்தில் தரையில் சுமார் 400 லக்ஸ். அடுத்த 25 நிமிடத்தில் அது மூன்று, நான்கு லக்ஸுக்கு வந்துவிடும். நூறு மடங்கு இறக்கம், காசில்லாமல். தெருவிளக்குக்கு அடியில் மட்டும் திரையைக் கட்டாதீர்கள். திரையாக வேட்டி கட்டினால், ஒற்றையாக விட்டால் பாதி வெளிச்சம் பின்னால் போய்விடும். இரண்டாக மடித்து, பின்னால் கறுப்புத் துணி வையுங்கள். சாரல் காற்றுக்கு நாலு மூலையையும் இழுத்துக் கட்ட வேண்டும், கருவிமேல் திவலை படாமல் பந்தலுக்குள் வைக்க வேண்டும்.

ஆக, வாசகருக்கு: புதிதாக எதையும் வாங்காதீர்கள். தென்காசியில் பந்தல், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர்களிடம் 3000 ஆன்சி லூமன் புரொஜெக்டரை ஒருநாள் வாடகைக்குக் கேளுங்கள், கூடவே பத்து மீட்டர் கறுப்புத் துணி. யார் அவசரப்படுத்தினாலும் ஏழேகாலுக்கு முன்னால் முதல் படத்தைப் போடாதீர்கள்.