படியேறும் பாக்கியம்: சென்னையிலிருந்து ஒரு நாள் மலை யாத்திரை

சென்னைவாசிகளுக்கு மலை என்றால் திருமலைதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால், விடியற்காலையில் வீட்டில் விளக்கேற்றிவிட்டுக் காரில் புறப்பட்டு, மலையேறி சுவாமி தரிசனம் செய்து, இரவு உணவுக்குள் வீடு திரும்பிவிடக்கூடிய தொலைவிலேயே சில அருமையான மலைத் தலங்கள் இருக்கின்றன. இக்காலத்து இளைஞர்கள் சனி, ஞாயிறுகளில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு ‘டிரெக்கிங்’ என்று காடு மலைகளை நோக்கிக் கிளம்புகிறார்கள். அதையேதான் நம் முன்னோர்கள் தேங்காய், பழத் தட்டுடன் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தார்கள். பெயர் மட்டும் யாத்திரை.

அறுபதைக் கடந்தவர்களுக்கு இதில் ஒரே ஒரு கேள்விதான். ஏற முடியுமா? பக்தியில் குறைவில்லை, முழங்கால்தான் ஒத்துழைக்க மறுக்கிறது.

மேற்கு மாம்பலத்தில் ஒரு தம்பதி. கணவருக்கு 74 வயது, மனைவிக்கு 69. திருமணமான நாள் முதல், கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில் சோளிங்கர் பெரிய மலைக்குச் சேர்ந்து சென்று யோக நரசிம்மரைச் சேவிப்பது அவர்கள் வழக்கம். பல ஆண்டுகளுக்கு முன் மனைவியின் இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோயின. அதன்பின் கணவர் தனியே சென்று துளசியும் பிரசாதமும் கொண்டுவருவார். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு கணவருக்கே இருதயத்தில் ‘ஸ்டென்ட்’ வைக்கும்படி ஆயிற்று. அந்த ஆண்டு இருவருமே போகவில்லை. பிழைத்து எழுந்தால் மறுபடியும் படியேறி வருவதாக அவர் ஆஸ்பத்திரிப் படுக்கையில் வேண்டிக்கொண்டிருக்கிறார். மனைவிக்கு அது வெகுநாள் கழித்தே தெரியவந்தது.

மருத்துவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்த எடுப்பில் பெரிய மலை வேண்டாம் என்றார். சிறிய குன்றில் தொடங்கி, உடல் என்ன சொல்கிறது என்று பார்த்து மேலே போகலாம் என்பது அவர் யோசனை. முதியவர்கள் எல்லோருக்கும் ஏற்ற வழி அதுதான்.

ஆகவே முதலில் திருநீர்மலை. பல்லாவரத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். காலைச் சிற்றுண்டிக்கே வீடு திரும்பலாம். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலத்தில் எழுந்தருளியிருக்கிறார். மேலே ஏறினால் நரசிம்மர் அமர்ந்த கோலத்திலும், ரங்கநாதர் சயனக் கோலத்திலும், உலகளந்த பெருமாள் நடந்த கோலத்திலும் சேவை சாதிக்கிறார்கள். நின்று, இருந்து, கிடந்து, நடந்த நான்கு திருக்கோலங்களையும் ஒரே தலத்தில் சேவிக்கும் வாய்ப்பு அரிது. திருமங்கையாழ்வார் இங்கு வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததாம். நீர் வடியட்டும் என்று ஆறு மாத காலம் காத்திருந்து சேவித்தார் என்பது தல வரலாறு. ஆழ்வாரே காத்திருந்த தலத்தில், நான்கு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவதற்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஒரு மாதம் கழித்துத் திருக்கழுக்குன்றம். சென்னையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். செங்கற்பட்டைக் கடந்து கிழக்கே திரும்ப வேண்டும். நான்கு வேதங்களே மலையாக நிற்பதால் வேதகிரி. மலை மேல் வேதகிரீஸ்வரர், ஊருக்குள் தாழக்கோயிலில் பக்தவத்சலேஸ்வரர். சைவ நால்வரும் பாடிய பெருமை இத்தலத்துக்கு உண்டு. படிகள் 500-க்கும் மேல். சில இடங்கள் செங்குத்தாகவே இருக்கும்.

இன்றைய பாட்டி, தாத்தாக்களில் பலருக்கு இந்த மலை என்றால் கழுகுகள்தான் ஞாபகம். உச்சிவேளையில் எங்கிருந்தோ இரண்டு கழுகுகள் பறந்து வந்து, பாறையில் காத்திருக்கும் பண்டாரத்தின் கையால் சர்க்கரைப் பொங்கலை உண்டு செல்லும். அதைக் காண்பதற்கென்றே பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவருவார்கள். 1990-களின் பிற்பகுதியோடு அந்தப் பறவைகள் வருவது நின்றுபோயிற்று. அவை உட்கார்ந்த பாறை மட்டும் இருக்கிறது. காரணம் பலவாறு சொல்லப்படுகிறது. அவற்றில் எதை நம்பினாலும் நம்பாவிட்டாலும், அந்தப் பாறை அருகே நிற்கும்போது கண்கள் தாமாகவே வானத்தைத் தேடும்.

ஊரில் சங்கு தீர்த்தம் என்ற பெரிய குளம் உண்டு. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதில் சங்கு தோன்றும் என்பது இவ்வூரின் சிறப்பு. இறங்கும் வழியில் ஒருகல் மண்டபத்தைப் பலர் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். பல்லவர் காலத்தில் ஒரே பாறையைக் குடைந்து அமைத்த குடைவரை அது. அதன் தூண்களிலும் சுவர்களிலும் 17-ஆம் நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைக் கீறிவைத்திருக்கிறார்கள். சுற்றுலா போகிற இடத்தில் பெயர் எழுதும் பழக்கம் நம்மவர்களுக்கு மட்டும் உரியதல்ல போலும்!

மாம்பலத்துப் பெரியவர் அந்தப் படிகளை இடையிடையே உட்கார்ந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஏறிவிட்டார். மனைவி தாழக்கோயிலில் திரிபுரசுந்தரி அம்மன் சன்னிதியில் காத்திருந்தார். ஏறியதைவிட இறங்கும்போதுதான் அவருக்குக் கால் நடுங்கியது. ஏறும்போது மூச்சுக்கு வேலை. இறங்கும்போது உடலின் முழுப் பாரமும் முழங்காலில் விழுகிறது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அவசரமின்றி, ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் ஊன்றி இறங்குவதே நல்லது.

இப்போது சோளிங்கர். திருவள்ளூர், திருத்தணி வழியாகச் சென்றால் சென்னையிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். வழியில் திருத்தணிகை முருகனைத் தரிசிக்காமல் போகக்கூடாது. ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகள் அங்கே உண்டு. முடியாதவர்களுக்கு மலை மேல்வரை வாகனச் சாலையும் உண்டு. டிசம்பர் 31 இரவில் படிதோறும் தீபம் ஏற்றித் திருப்புகழ் பாடும் படித் திருவிழா, வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்தது. வெள்ளையர் ஆட்சியில் ஆங்கிலப் புத்தாண்டன்று துரைமார்களின் வீட்டு வாசலில் எலுமிச்சம்பழத்துடன் காத்திருந்தவர்களை, அதைவிடப் பெரிய துரையின் வாசலுக்கு அவர் திருப்பிவிட்டார்.

சோளிங்கரின் பழம்பெயர் திருக்கடிகை. ஒரு கடிகை, அதாவது ஒரு நாழிகை, 24 நிமிடம் இங்கே தங்கினாலே மோட்சம் கிட்டும் என்பது நம்பிக்கை. பெரிய மலையில் யோக நரசிம்மரும் அமிர்தவல்லித் தாயாரும். எதிரே சின்ன மலையில், நான்கு திருக்கரங்களுடன் சங்கு சக்கரம் ஏந்திய யோக ஆஞ்சநேயர். ஆண்டு முழுவதும் யோகத்தில் ஆழ்ந்திருக்கும் நரசிம்மர் கார்த்திகையில் கண் திறந்து அருள்பாலிக்கிறார் என்பதால், அம்மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் படிகளில் கால் வைக்க இடம் இராது. வயதானவர்கள் வேறு மாதத்தில், வாரநாளில் செல்வதே விவேகம். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெரிய மலைக்கு 1,305 படிகள். உயரம் சுமார் 750 அடி. கணக்குப் போட்டால் படிக்கு ஏழு அங்குலம் வருகிறது. ஒரு மாடிக்குப் பத்தடி என்று வைத்துக்கொண்டால், லிஃப்ட் இல்லாத 75 மாடிக் கட்டடம்! படியேற இயலாதவர்களைச் சுமந்து செல்ல முன்பு டோலிதான் துணை. நெடுங்காலம் எதிர்பார்க்கப்பட்ட ரோப் கார் 2024-இல் இயங்கத் தொடங்கியது. காற்று பலமாக வீசினாலும், பராமரிப்பு வேலை நடந்தாலும் அதை நிறுத்திவிடுவார்கள். ஆகவே அதையே நம்பிச் செல்பவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம்.

தை மாதத்தில் ஒரு புதன்கிழமை. அந்தத் தம்பதி காலை ஏழு மணிக்கு அடிவாரம் சேர்ந்தார்கள். “ரெண்டு பேருமே ரோப் கார்ல போயிடலாமே” என்று மனைவி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். வேண்டுதல் என்றதும் மேலே பேசவில்லை. இந்த மலையில் குரங்குகளின் ஆட்சி. கையில் பை இருந்தால் பறித்துக்கொள்ளும், மூக்குக்கண்ணாடியையும் விடாது. அதனால் பெரியவர் பை, கைப்பேசி, மாத்திரை எல்லாவற்றையும் மனைவியிடம் கொடுத்துவிட்டு, ஒரு தடியை மட்டும் ஊன்றிக்கொண்டு படியேறினார். பையைக் கொடுத்தது சரி. கைப்பேசியையும் மாத்திரையையும் கொடுத்தது தவறு. அவற்றைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

மேலும் ஒரு தவறு. தரிசனம் முடியும்வரை சாப்பிடுவதில்லை என்று வெறும் வயிற்றில் ஏறினார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து உண்பவர்களுக்கு அந்த விரதம் ஆகாது. மருந்தோடு ஓர் இட்டலியாவது உட்கொண்டு ஏறுவதில் எந்தத் தோஷமும் இல்லை.

எண்ணூறு படி தாண்டும்போது அவருக்குக் கண் இருட்டியது. நெஞ்சில் வலியில்லை, இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். படியோரத்து மண்டபத்தில் உட்கார்ந்தார். காலி டோலியுடன் இறங்கிக்கொண்டிருந்த ஒருவர் அவரைப் பார்த்து நின்றார். இடுப்பிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலையும் ஒரு வெல்லக் கட்டியையும் கொடுத்தார்.

“மூச்சு சீராகுற வரைக்கும் எழுந்திருக்காதீங்க ஐயா. இந்த மலையில நான் எத்தனையோ பேரைத் தூக்கியிருக்கேன். அவசரப்பட்டவங்களைத்தான் கீழே தூக்கிட்டுப் போயிருக்கேன்.”

ரோப் கார் வந்தபின் பிழைப்பு எப்படி என்று பெரியவர் கேட்டார். முன்போல் இல்லை என்றார் அவர். “ஆனா, எங்க அம்மாவே அதுலதான் போய் சாமியைப் பார்த்தாங்க. அதைக் குறை சொல்ல முடியுமா?” என்று சிரித்துவிட்டு, அரை மணி நேரம் உடன் உட்கார்ந்திருந்தார். பெரியவர் கொடுத்த பணத்தை, தூக்காத பாரத்துக்குக் கூலி எதற்கு என்று வாங்க மறுத்துவிட்டார்.

மேலே மனைவி முன்பே வந்து சேர்ந்திருந்தார். எட்டரை ஆயிற்று; ஒன்பதும் ஆயிற்று. எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு மலைமேல் நிற்கிறார். பத்தடி நடந்தால் சன்னிதி. அவர் உள்ளே போகவில்லை. படிகள் முடியும் இடத்தில், கணவரின் மாத்திரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏறி வருகிற ஒவ்வொருவரிடமும், தடி ஊன்றிய வயதானவர் ஒருவரைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். “உட்கார்ந்திருக்கார் மாமி, பேசிண்டிருக்கார்” என்று ஒரு பையன் சொன்ன பிறகுதான் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார்.

பத்து மணிக்குச் சற்று முன் பெரியவர் மேலே வந்தார்.

“உள்ளே போகலையா நீ?”

“பெருமாள் எங்கேயும் போயிட மாட்டார். உங்களைப் பத்திதான் அப்படிச் சொல்ல முடியலை.”

இருவரும் சேர்ந்து சேவித்தார்கள். சடாரி, தீர்த்தம், துளசி. வெளியே வந்து, ஒரு நாழிகை குறையாமல் பிராகாரத்தில் அமர்ந்திருந்தார்கள். இறங்குவதற்கு, வேண்டுதலில் ஏறுவது மட்டுமே இருந்தது என்று பெரியவர் ஒப்புக்கொண்டு, ரோப் காரில் ஏறிக்கொண்டார்.

சின்ன மலைக்கு 406 படிகள். அங்கே ரோப் கார் கிடையாது. பெரிய மலை நரசிம்மரையே நோக்கியபடி அமர்ந்திருக்கும் ஆஞ்சநேயரைச் சேவிக்காமல் திரும்புவது யாத்திரையைப் பாதியில் விடுவதாகும் என்பார்கள். அன்று அவர்களால் அது இயலவில்லை. அடிவாரத்துத் தக்கான் குளக்கரையில் நின்றார்கள்.

அந்தக் குளக்கரைக்கு ஒரு வரலாறு உண்டு. சோளிங்கரில் வாழ்ந்த தொட்டாச்சாரியார் ஆண்டுதோறும் காஞ்சிக்குச் சென்று, வைகாசி கருடசேவையில் வரதராஜப் பெருமாளைச் சேவிப்பவர். முதுமையில் ஓர் ஆண்டு அவரால் போக இயலவில்லை. இக்குளக்கரையில் நின்று உருகினார். வரதர் கருட வாகனத்தில் இங்கேயே அவருக்குக் காட்சி தந்தார். இன்றும் காஞ்சியில் கருடசேவையன்று, கோபுர வாயிலில் ஒரு கணம் குடைகளால் பெருமாளை மறைப்பார்கள். அந்தக் கணத்தில் அவர் சோளிங்கரில் இருக்கிறார் என்பது ஐதிகம். தொட்டாச்சாரியார் சேவை என்றே அதற்குப் பெயர்.

மனைவி சின்ன மலையை நோக்கிக் கைகூப்பிக் கண்களை மூடிக்கொண்டார். பெரியவர் படி வரிசையைக் கீழிருந்து மேல்வரை அளப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“406தான். மாசிலே வந்துடலாம்.”

“வரலாம். முதல்ல இட்லி சாப்பிடணும், மாத்திரை உங்க பையிலேயே இருக்கணும். சரின்னா வரலாம்.”

அவர் சட்டையின் உள்பையைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.