'கோழித் தீவனத்தையா திங்கச் சொல்லுத?' - தூத்துக்குடியில் ஒரு மெக்சிகன் இரவுச் சாப்பாடு

தூத்துக்குடியில் ராத்திரி வெளியே சாப்பிடப் போகிறோம் என்றால், எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்... பரோட்டா! பரோட்டா கடைக்கு எங்கள் ஊரில் 'நைட் கிளப்' என்று பெயர். 'குடும்பத்தோடு நைட் கிளப் போனோம்' என்று சொல்லி, வெளியூர்த் தோழிகளிடம் நான் மாட்டிக்கொண்ட கதைகள் நிறைய உண்டு.

அந்த வழக்கத்துக்கு லேசாக ஆட்டம் காட்டியது, எங்கள் தெருமுக்கில் திறந்த ஒரு சின்ன கஃபே. மொத்தம் ஆறே மேஜைகள். மெனு அட்டையின் கடைசிப் பக்கத்தில் 'மெக்சிகன்' என்று தலைப்புப் போட்டு டாக்கோ, பரிட்டோ, நாச்சோஸ் என்று வரிசை கட்டியிருந்தார்கள். விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரி வேலையாக மாமா வந்திருந்தார். அவரையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

டாக்கோ வந்தது. அப்பளத்தை மடித்துவைத்த மாதிரி ஓர் ஓடு. உள்ளே கோழிக்கறி, ராஜ்மா, வெங்காயம், தக்காளி. மாமா ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார்.

"இது என்ன மாவு மருமகளே?"

"மக்காச்சோளம் மாமா."

"நம்ம கோழித் தீவனத்தையா காசு குடுத்துத் திங்கச் சொல்லுத?"

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. ஆனால், மாமா சொன்னதில் கேலி பாதிதான். வருஷா வருஷம் கரிசலில் மக்காச்சோளம் போடுகிறவர் அவர். பிஞ்சில் நாலு கதிரைச் சுட்டுத் தின்பதோடு சரி. முற்றிய மணி முழுக்க வியாபாரி லாரியில் ஏறிப் போய்விடும். தான் விளைவித்ததை ஒரு வேளைச் சாப்பாடாக அவர் தட்டில் பார்த்தது அன்றுதான்.

சால்னாவும் மெக்சிகோ உறவுதான்!

தொட்டுக்கொள்ளச் சிவப்பாக 'சல்சா' வைத்தார்கள். அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்ததும், "இது நம்ம தக்காளித் துவையல்லா?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

தக்காளி, மிளகாய், மக்காச்சோளம் மூன்றையும் பயிராக்கி வளர்த்தெடுத்தவர்கள் மெக்சிகோவின் பழங்குடி மக்கள். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பு, தென்மேற்கு மெக்சிகோவில் ஒரு காட்டுப் புல்லிலிருந்து உருவாக்கப்பட்டதுதான் மக்காச்சோளம். 'டொமேட்டோ', 'சில்லி' என்ற ஆங்கிலப் பெயர்களும் அந்த மண்ணின் நாவாட்டில் மொழியிலிருந்து வந்தவையே.

1492-ல் கொலம்பஸ் அமெரிக்கக் கரையைத் தொடும்வரை நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். பிறகு, போர்ச்சுக்கீசியக் கப்பல்களில் புதுக் காய் ஒன்று வந்தது. மிளகு மாதிரி உறைக்கிற காய் என்பதால் 'மிளகாய்' என்று பேர் வைத்து நம்முடையதாக்கிக்கொண்டோம்.

அந்தப் போர்ச்சுக்கீசியர்கள் நம் முத்துக்குளித்துறைக் கரைக்கும் வந்தவர்கள்தான். பனிமய மாதா ஆலயம் அந்தக் காலத்தின் சாட்சி. 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடிக்கும்வரை அவர்கள் ஆதிக்கம் இருந்தது. அதனால், நைட் கிளப் சால்னாவில் மிளகாயையும் தக்காளியையும் எடுத்துவிட்டால் அது சால்னாவே இல்லை!

சோளம் வந்தது, பக்குவம் வரவில்லை

கடையில் நாங்கள் சாப்பிட்ட மொறுமொறு ஓடு, பெரும்பாலும் அமெரிக்கர்களின் வழக்கம். மெக்சிகோவில் தினசரி டாக்கோ என்பது மெத்தென்ற 'டோர்ட்டியா' ரொட்டியில் மடித்துத் தருவது. அதைச் செய்யும் விதத்தைச் சொன்னபோது மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

முற்றிய மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைக்கிறார்கள். ராத்திரி முழுக்க அப்படியே ஊறவிட்டு, காலையில் தோல் போகத் தேய்த்துக் கழுவி, அரைத்து, தட்டிச் சுடுகிறார்கள். இதற்கு 'நிக்ஸ்டமால்' பக்குவம் என்று பெயர். அந்தக் காலத்தில் அவர்கள் அரைத்த கல்லைப் படத்தில் காட்டினேன். "அம்மிக்குக் கால் வெச்ச மாதிரி இருக்கு" என்றார் அம்மா.

சுண்ணாம்பு எதற்கு? மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்ற வைட்டமின் சத்து, சும்மா வேகவைத்தால் நம் உடம்பில் சரியாகச் சேராது. சுண்ணாம்பு அதை விடுவிக்கிறது. கால்சியமும் கூடுகிறது. சோளத்தைக் கொண்டுபோன ஐரோப்பியர்கள் இந்தப் பக்குவத்தைக் கொண்டுபோகவில்லை. விளைவு, மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஸ்பெயின், வட இத்தாலி ஏழைகளை 18-ம் நூற்றாண்டில் 'பெலாக்ரா' என்ற நோய் வாட்டியது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி தடுமாறச் செய்யும் நோய் அது.

நமக்கும் பயிர் மட்டுமே வந்தது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் வட்டாரக் கரிசலில் கம்பும் சோளமும் ஆண்ட நிலங்களில் இன்று மக்காச்சோளம் நிற்கிறது. கம்புக்குக் கூழ் தெரியும், சோளத்துக்குச் சோறு தெரியும். மக்காச்சோளத்துக்கு நம் அடுப்பங்கரையில் இடமே இல்லை. அதனால் விலையும் கோழிப்பண்ணைக்காரர்கள் கேட்கிற விலைதான்.

புழு மட்டும் தேடி வந்தது

"அங்கேருந்து இன்னொண்ணும் வந்துச்சுல்லா" என்றார் மாமா. படைப்புழுவைத்தான் சொன்னார். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்தப் புழு 2018-ல் கர்நாடகாவில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்குள்ளும் நுழைந்து குருத்தைக் குடைந்தது. "அந்த வருசம் போட்ட உரக்காசுகூடத் திரும்பல. சாப்பிடுத வழி வரல, அழிக்குத புழு வந்துட்டு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

எங்கள் மேஜையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வீட்டில் செய்ய...

நீங்களும் முயற்சி செய்யலாம். மருந்து கலக்காத, பூஞ்சை பிடிக்காத முற்றிய மக்காச்சோளம் ஒரு கிலோ, உணவுக்குரிய சுண்ணாம்பு சுமார் 10 கிராம், தண்ணீர் மூன்று லிட்டர். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு கூடவே கூடாது. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், எவர்சில்வர் நல்லது. முக்கால் மணி நேரம் மெதுவாக வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவி, கெட்டியாக அரைத்து, தட்டி, தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் சுட்டு எடுங்கள். பக்கத்தில் மீன் குழம்பு இருந்தால் மெக்சிகோவையே மறந்துவிடுவீர்கள்.

பில் வந்தது. மாமா தொகையைப் பார்த்தார். "இந்தக் காசுக்கு நான் எத்தனை கிலோ போடணும் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

போன வாரம் ஊரிலிருந்து போன். "மருமகளே, அறுப்பு முடிஞ்சுது. ஒரு மூட்டைய விக்காம வெச்சிருக்கேன். அந்தச் சுண்ணாம்பு கணக்கை உங்க அத்தைகிட்ட ஒருதரம் சொல்லு" என்றார்.

பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது. "மொதல்ல கால் கிலோ போட்டுப் பாப்போம்னு சொல்லுங்க!"