பபூன் சிலந்தியும் அது கண்ணிற்படும் காலமும்

சிலந்தி என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது, வீட்டு மூலையிலே வலை பின்னி ஈயின் வருகைக்குக் காத்திருக்கும் சிற்றுயிரே. ஆபிரிக்கக் கண்டத்திலோ வலையைப் பெரிதும் நம்பாது, நிலத்திலே வளை தோண்டி வாழும் பெருஞ்சிலந்திகள் பல உள. அவற்றுட் சில, காலை விரித்தால் ஒருவனுடைய உள்ளங்கையை மூடிவிடும். அவற்றின் காலடியில் அமைந்த மெத்தை போன்ற கரும்பகுதி பபூன் குரங்கின் விரலை ஒத்திருத்தலால், தென்னாபிரிக்க மக்கள் அவற்றைப் பபூன் சிலந்தி என வழங்கலாயினர். பொதுவாக இவ்வினத்தைத் தராந்துலா என்பர். அப்பெயர் இத்தாலியிலுள்ள தராந்தோ என்னும் நகரின் பெயரிலிருந்து வந்தது. ஆயின் அந்நகரத்தார் முதலில் அப்பெயரால் அழைத்தது முற்றும் வேறான ஒரு சிலந்தியையே. பெயர்கள் இடம்பெயர்வது உலக வழக்கு.

இச்சிலந்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்போர் இன்று பல நாடுகளிலும் இருக்கின்றனர். கிளி வளர்ப்பவன் கிளியைக் காண்கிறான்; மீன் வளர்ப்பவன் மீனைக் காண்கிறான்; பபூன் சிலந்தி வளர்ப்பவன் பெரும்பாலும் காண்பது ஒரு பெட்டி மண்ணையே. அதனால் புதிதாக வளர்க்கத் தொடங்குவோர் எவரும் முதலிற் கேட்கும் வினா, "இது எத்தனை நாளைக்கு ஒரு முறை வெளியே வரும்?" என்பதாகும்.

இவ்வினாவுக்கு விடை காண்பதாயின் வளையின் இயல்பை அறிதல் வேண்டும். ஆபிரிக்கப் புல்வெளிகளிலே பகல் வெயில் மண்ணைச் சுடும். கோடையில் மேல்நிலம் ஈரமற்று வெடிக்கும். ஓர் அடி ஆழத்திலோ வெப்பமும் ஈரமும் அதிகம் மாறுவதில்லை. சிலந்தி அவ்வாழத்திற்கு இறங்கி, வளையின் உட்சுவரைப் பட்டிழையால் மெழுகி, வாயிலிலும் இழைகளைப் பரப்பிவைக்கும். கண் எட்டு இருந்தும் பார்வை மிகக் குறைவு. வாயிலருகே ஒரு வண்டு கால் வைத்தால் எழும் அதிர்வே அதற்குச் செய்தி. பகைவரும் உளர். ஒருவகைக் குளவி சிலந்தியைக் கொட்டிச் செயலறச் செய்து, அதன் மேல் முட்டையிட்டுச் செல்லும். பொரித்த புழு உயிருள்ள சிலந்தியையே உண்டு வளரும். இத்தகைய உலகில் வெளியே உலாவும் சிலந்தி நெடுங்காலம் வாழாது. எனவே மறைந்திருத்தல் அதன் நோயன்று. அதுவே அதன் வாழ்க்கை.

நல்ல முறையில் அமைந்த பெட்டியிலே இருள் சூழ்ந்து ஓரிரு மணி நேரம் சென்றபின், பசியுள்ள சிலந்தி முன்னங்கால்களை வளைவாயிலில் வைத்துக் காத்திருக்கும். அவ்வேளையில் மூடியைத் திறந்தாலும் மேசையைத் தட்டினாலும் இமைப்பொழுதில் மறைந்துவிடும். பழகிய வளர்ப்போர் செய்யும் உபாயம் ஒன்று உண்டு. மண்ணை நிரப்பும்போதே கண்ணாடிச் சுவரையொட்டி விரலால் ஒரு குழி இடுவர். சிலந்தி பலவேளை அக்குழியையே தொடர்ந்து தோண்டும். வெளிப்புறத்தே கறுப்புக் கடதாசியை ஒட்டிவிட்டால், இரவில் அதனை மெல்ல உயர்த்தி வளையின் உள்ளறையைப் பார்க்கலாம். மண் ஓர் அடியளவு ஆழமிருத்தல் நன்று; மண்ணின் மேலே வெற்றிடம் அதிகம் இருத்தலாகாது. ஏனெனில் கனத்த வயிற்றையுடைய இச்சிலந்தி உயரத்திலிருந்து வீழ்ந்தால் வயிறு பிளந்து இறந்துபடும். மண்ணோடு பலர் கலப்பது தென்னந்தும்பின் தூளாகும். ஒரு சிறு தண்ணீர்க் கிண்ணமும், வாரத்திற்கொரு கரப்பொத்தானும் போதும்.

இனத்துக்கினம் வேறுபாடும் உண்டு. 1897 இல் பொக்கொக் என்னும் ஆங்கில அறிஞர் விவரித்த செம்மஞ்சள் நிறச் சிலந்தி மண்ணின் மேலும் இழைக்கூடாரம் அமைப்பதாற் சற்று எளிதிற் காணப்படும். சொக்கொத்திராத் தீவின் நீலக்காற் சிலந்தியும் அத்தகையது. தாயும் குஞ்சுகளும் கூடி வாழ்வது அதன் தனிச்சிறப்பு. கென்யாவிலும் தன்சானியாவிலும் வாழும் அரசப் பபூன் சிலந்தியோ இவற்றுக்கு நேர்மாறு. தடித்த பின்னங்கால்களையுடைய அது ஆழத் தோண்டி இறங்கினால், மாதக்கணக்கில் முகங்காட்டாது.

துன்பம் நேர்வது இங்கேதான். சிலந்தி தோலுரிக்குமுன் வளைவாயிலை மண்ணாலும் இழையாலும் அடைத்துக்கொள்ளும். உணவை மறுக்கும். வாரங்கள் கழியும். உடையவன் அது இறந்ததென ஐயுற்றுக் கரண்டியால் மண்ணைக் கிளறுவான். உள்ளே மல்லாந்து கிடந்து பழைய தோலினின்று கால்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டிருந்த உயிர், அந்தக் கரண்டியாலேயே இறக்கிறது. புதிய தோல் அவ்வளவு மென்மையானது. நச்சுப்பற்களும் அப்போது வெண்மையாய் வலுவற்றிருக்கும். உள்ளே விட்ட சிள்வண்டுகூட அதனைக் கடித்துக் கொல்லலாம். உண்மையில் சிலந்தி உயிருடனிருப்பதற்குச் சான்று தேடவேண்டிய இடம் மண்ணின் மேற்பரப்பே. கிண்ணத்தில் இரவோடிரவாக மண் நிரம்பியிருத்தல், உண்டு எஞ்சிய உருண்டை வெளியே கிடத்தல், கிழித்துவிட்ட இழை மறுநாள் சீர்ப்பட்டிருத்தல் ஆகியன போதிய செய்தி தரும்.

ஓயாது வெளியே அலையும் பபூன் சிலந்தி ஒன்று உண்டு. அது பருவமெய்திய ஆண். இறுதித் தோலை உரித்தபின் அது வளையைத் துறந்து பெண்ணைத் தேடித் திரியும். பெரும்பாலும் ஓராண்டு அளவில் மடியும். பெண்ணோ பதினைந்து இருபது ஆண்டுகளும் வாழவல்லது.

அமெரிக்கத் தராந்துலாக்கள் பல, வயிற்று மயிரை உதிர்த்துப் பகைவரின் கண்ணையும் தோலையும் அரிக்கச் செய்யும். ஆபிரிக்கச் சிலந்திக்கு அக்கருவி இல்லை. ஆதலால் முன்கால்களை உயர்த்தி எச்சரித்தபின் கடிக்கும். கடியால் மனிதர் இறப்பதில்லையெனினும், கடும் நோவும் தசைப்பிடிப்பும் நாட்கணக்கில் நீடிக்கக்கூடும். இலங்கையின் மரப்பொந்துகளில் வாழும் புலிமுகச் சிலந்தியின் கடியும் இவ்வகையினதே. எனவே பெட்டியைத் துப்புரவாக்குவோர் கையால் அன்றி நீண்ட சாவணத்தாலேயே அதனைச் செய்வர்.

காட்டிலே வளையைத் தோண்டிப் பிடித்து விற்போராற் பெருங்கேடு விளைகிறது. ஒரு பெண் சிலந்தி முட்டையிடும் பருவத்தை அடையப் பல ஆண்டுகள் செல்லும். அதனைப் பெயர்த்தெடுத்தால் அவ்விடத்து இனம் விரைவில் மீளாது. தென்னாபிரிக்க அரசு 2007 இல் பபூன் சிலந்தியின் மூன்று பேரினங்களைக் காக்கப்படும் உயிர்களின் பட்டியலிற் சேர்த்தது. புலிமுகச் சிலந்தியின் பேரினம் முழுவதும் 2019 இல் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டின்கீழ் வந்தது. அப்பேரினத்தைச் சேர்ந்த ஒன்று, வட இலங்கையிலிருந்து 2012 இல் புதிய இனமென விவரிக்கப்பட்டதாகும்.