பழைய வாளைத் துலக்கலாமா?

ஆயுத பூசைக்கு முதல் நாள் ஒத்தக்கடைப் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் இரும்பு தேய்க்கும் ஓசை கேட்கும். அரிவாள், மண்வெட்டி, கோடரி யாவும் செங்கல் பொடியாலும் புளியாலும் துலக்கப்பட்டு, பளபளவென்று வாசலில் வரிசையாக நிற்கும். நாள்தோறும் வேலை செய்யும் அரிவாளுக்கு இது நல்லதே. ஆனால் சில வீடுகளில் பரணிலோ பூசையறையிலோ முப்பாட்டன் காலத்து வாளோ கட்டாரியோ இருப்பதுண்டு. அதையும் அதே செங்கல் பொடியால் தேய்க்கலாமா? கூடாது என்பதே அருங்காட்சியக வேதியியலார் கூறும் விடை. அதன் காரணத்தை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இரும்பு துருப்பிடிப்பதைப் பாடத்தில் படித்திருக்கிறோம். இரும்பும் ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்தால் நீரேறிய இரும்பு ஆக்சைடு உண்டாகிறது. செம்பில் படியும் களிம்பு அடியிலுள்ள உலோகத்தை ஓரளவு காக்கும். துரு அப்படிக் காப்பதில்லை. அது இரும்பைவிட அதிக இடத்தை அடைத்து, பொருக்குப் பொருக்காக உரிந்து, ஈரம் மேலும் உள்ளே செல்ல வழிவிடுகிறது. உப்பு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நம் கை வியர்வையிலும் உப்பு உண்டு. வெறுங்கையால் தொட்ட வாளில் விரல் ரேகையே துருவாகப் பதிந்துவிடும். ஆகையால் துருவை நிறுத்தத்தான் வேண்டும். துருவோடு வாளின் மேற்பரப்பையும் சேர்த்துத் தேய்த்து எடுப்பதுதான் கேடு.

மேற்பரப்பில் அப்படி என்ன இருக்கிறது? தஞ்சாவூர்க் கட்டாரிகளைப் பார்ப்போம். 1855-இல் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தபின் அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. அரண்மனை ஆயுதசாலையில் இருந்தவற்றில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. கட்டாரியின் பிடி வாளின் பிடியைப் போன்றதன்று. இரண்டு பக்கச் சட்டங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பிகள் இருக்கும். அவற்றை இறுகப் பற்றினால் அலகு நம் முட்டிக்கு நேராக நீண்டு நிற்கும். தஞ்சைக் கட்டாரியில் கையை மறைக்க வளைந்த தகடும் உண்டு. அதில் யாளியும் கொடியும் துளைத்துச் செதுக்கியிருப்பார்கள். வியப்பு என்னவென்றால், 17-ஆம் நூற்றாண்டுக் கட்டாரிகள் பலவற்றின் அலகு ஐரோப்பாவில் செய்தது! கப்பலில் வந்த நீண்ட வாள்களைக் குறுக்கி, நம் கொல்லர்கள் தங்கள் பிடியில் பொருத்திக்கொண்டார்கள். 'அந்திரேயா ஃபெராரா' என்ற இத்தாலியப் பெயர் பொறித்த அலகுகளும் உள்ளன. அந்த எழுத்துகளுக்கு ஆழம் அதிகமில்லை. உப்புத்தாளால் பலமாகத் தேய்த்தால் கட்டாரி கடல் கடந்து வந்த கதையே அழிந்து போகும்.

நம் நாட்டு எஃகின் கதை இதைவிடப் பெரியது. சேலம், திருச்சிப் பக்கங்களில் கொல்லர்கள் சிறிய களிமண் குகையில் இரும்புத் துண்டுகளையும் உலர்ந்த ஆவாரங்குச்சிகளையும் இட்டு, மேலே எருக்கிலை வைத்து, வாயை மண்ணால் அடைத்து உலையில் காய்ச்சினார்கள். செடியிலுள்ள கரி இரும்பில் கலந்து, நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவுக்குக் கரியுள்ள எஃகு கிடைத்தது. இதையே ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்றனர். நம் 'உருக்கு' என்னும் சொல்லோடும் கன்னட 'உக்கு' என்பதோடும் அதற்கு உறவு உண்டு. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். மின்சாரப் பாடத்தில் நாம் சந்திக்கும் மைக்கேல் ஃபாரடேயும் 1819-ஆம் ஆண்டளவில் இதை ஆராய்ந்தார். இந்த எஃகாலான வாளில் நீரலை போன்ற கோடுகள் தெரியும். முரட்டுத்தனமாகத் தேய்த்தால் அவை மறையும். வல்லவர் கையில் மென்மையான அமிலம் பட்டால் மறுபடி தோன்றும். ஆனால், 'கொஞ்சம் பழுக்கக் காய்ச்சித் தட்டிக் கொடுங்கள்' என்று பட்டறையில் கொடுத்தாலோ, அந்த அலை போனது போனதுதான்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. சாவகத்தில் 'கெரிஸ்' என்னும் குத்துவாள் உண்டு. அவற்றுள் பலவற்றின் அலகு பாம்பு நெளிவது போல் வளைந்திருக்கும். சாதாரண இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கடுக்காகச் சேர்த்து அடித்துச் செய்வார்கள். புத்தாண்டு மாதமான சூரோவில் அதை நீராட்டி, எலுமிச்சைச் சாற்றால் துடைத்து, பாஷாணக் கலவை பூசுவது அவர்கள் வழக்கம். இரும்பு கறுக்கும், நிக்கல் அடுக்கு வெள்ளிக்கோடாக மின்னும். அங்கே பளபளப்பன்று, கோடு தெரிவதே துப்புரவு! பிலிப்பைன்ஸின் தென்பகுதியில் மிந்தனாவோ, சூலு தீவுகளின் மோரோ மக்களிடமும் கிரிஸ் உண்டு. அது அகன்றது, வெட்டவும் பயன்படுவது. நேரான அலகும் உண்டு. 1899-க்குப் பின் அங்கே போரிட்ட அமெரிக்க வீரர்கள் பலவற்றை நினைவுப் பொருளாக எடுத்துச் சென்றார்கள். இன்று அவற்றைச் சேகரிப்போரும், எவ்வளவு துலக்குவது என்ற இதே கேள்வியோடுதான் போராடுகிறார்கள்.

சரி, முறையான வழி எது? எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது. இத்தகைய கூடங்களில் முதல் வேலை துடைப்பதன்று, எழுதுவது. நீளம், எடை, குறிகள், எங்கே கிடைத்தது, எல்லாவற்றையும் குறித்துப் படமும் எடுக்கிறார்கள். பிறகு பூதக்கண்ணாடியால் துருவை ஆராய்கிறார்கள். கறுத்து இறுகிய துரு பெரும்பாலும் ஓய்ந்த துரு. ஆரஞ்சு நிறத்தில் பொடியாக உதிர்வது இன்னும் தின்றுகொண்டிருக்கும் துரு. அதை மென்மையான தூரிகையாலும் மூங்கில் சிம்பாலும் மெல்ல எடுக்கிறார்கள். நாள் கணக்கில் பொறுமை வேண்டும்.

அடுத்ததாகத் துருவின்மேல் டானிக் அமிலம் பூசுவதுண்டு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், அந்தக் காலத்தில் மை காய்ச்சிய கடுக்காயில் உள்ள துவர்ப்பும் இவ்வகைதான். கடுக்காய்த் தண்ணீரில் ஒரு துருப்பிடித்த ஆணியைப் போட்டுப் பார்த்தோம். மறுநாள் தண்ணீர் மையாகவே கறுத்திருந்தது. துரு இவ்வாறு கருநிறச் சேர்மமாக மாறி நிலைபெறுகிறது. அதன்மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு. தேங்காயெண்ணெய் இதற்கு ஏற்றதன்று. நாளடைவில் சிக்கெடுத்துப் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். தோலுறைக்குள்ளேயே வாளை வைத்திருப்பதும் ஆகாது, தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். (நம் சிற்றாலயத்து அதிதூதர் மிக்கேலின் வாளுக்கு வெள்ளி வர்ணம் அடிக்கலாம், அது மரவாள், பாதகமில்லை!)

மண்ணுக்குள்ளிருந்து வரும் இரும்பு இன்னும் மென்மையானது. சிலவற்றில் உலோகமே மிச்சமிராது. துருதான் வாளின் வடிவத்தைத் தாங்கி நிற்கும். சுற்றியிருந்த துணியின் நெசவும் உறையின் மரவரியும் அத்துருவில் பதிந்திருப்பதுண்டு. கீழடி நமக்கு வெகு தொலைவில் இல்லை. நம் பக்கத்துத் தோட்டங்களில் கிணறு வெட்டும்போதும் இப்படி ஏதேனும் அகப்படலாம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட எந்தத் தடையும் குறுக்கே நிற்பதாகத் தெரிவதில்லை. நம் பக்கத்து வாள்கள் பல அப்படித்தான் போகின்றன. ஆகவே அப்பா, மாமா யாராவது அப்படி ஒன்றைக் கொண்டுவந்தால், கழுவாமல், ஒட்டிய மண்ணையும் தட்டாமல், துவைத்த பருத்தித் துணியில் பொதிந்து, கிடைத்த இடத்தையும் நாளையும் ஒரு தாளில் எழுதி உடன் வைக்கச் சொல்லுங்கள்.