உலகின் விளிம்பில் நீட்டிய கோல்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தன்னவாசலுக்கு வருவோரில் பலர் ‘அறிவர் கோயில்’ என்னும் சமணக் குடைவரையின் தாமரைக்குள ஓவியத்தைக் கண்ட நிறைவோடு திரும்பிவிடுகின்றனர். அதே குன்றின் ஏழடிப்பட்டம் என்னும் குகையில் 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் பொறிக்கப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகளைக் கி.மு. முதல் நூற்றாண்டு அளவினவாக அறிஞர் கணிக்கின்றனர். இங்குத் தங்கிய சமணத் துறவியரின் மரபு, அண்டத்துக்கு எல்லை உண்டா என்ற வினாவுக்குக் கண்ட விடை, அவ்வோவியத்துக்கு நிகராகப் போற்றத்தக்கது.

அவ்வினாவைக் கிரேக்க உலகில் கூர்மையாக எழுப்பியவர், தென் இத்தாலியின் தாரெந்தும் நகரில் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த ஆர்க்கிட்டாஸ். கணித அறிஞரும் படைத்தலைவரும் பிளேட்டோவின் நண்பருமான இவருடைய எழுத்துகளில் பெரும்பகுதி அழிந்துபோனமையால், இவ்வாதம் பிறர் நூல்கள் வழியாகவே கிடைத்துள்ளது. அண்டத்தின் விளிம்பில் நிற்பவர் தம் கையையோ கோலையோ அப்பால் நீட்ட முடியுமா என்று இவர் கேட்டார். முடியாது என்பது பொருந்தாது. முடியுமெனில் அங்கும் வெளியோ பொருளோ இருந்தாக வேண்டும். அந்தப் புதிய விளிம்பிலும் அதே வினா எழும் என்பதால் எல்லை என ஒன்று இல்லை என்பது இவர் முடிவு.

சமணரும் வெளி முடிவற்றது என்றே கொண்டனர். ஆயினும் உயிர்களும் பொருள்களும் நிறைந்த உலகம், 14 ‘கயிறு’ (ஒரு நீள அளவை) உயரம் எனத் தம் நூல்கள் வகுத்த எல்லைக்குள் அடங்கியது என்றும், அதற்கு அப்பால் இருப்பது வெறும் வெளியாகிய அலோகம் என்றும் பிரித்துக் காட்டினர். இப்பிரிவுக்கு அடிப்படை தருமம், அதருமம் என்னும் இரு அடிப்படைப் பொருள்கள். இங்கு இவை அறத்தையும் மறத்தையும் குறிப்பன அல்ல: மீன் நீந்த நீர் துணையாவது போல் இயக்கத்துக்குத் துணையாவது தருமம், பொருள்கள் நிலைத்து நிற்கத் துணையாவது அதருமம். இவ்விரண்டும் அலோகத்தில் இல்லை. எனவே ஆர்க்கிட்டாசின் மனிதர் விளிம்பில் கோலை நீட்ட முயன்றாலும், தடுக்கும் சுவர் எதுவும் இல்லாமலேயே அது அப்பால் செல்லாது.

இடம் இருந்தால் அங்கே இயங்கவும் முடியும் என்ற எண்ணத்தை ஆர்க்கிட்டாஸ் ஐயுறவில்லை. சமணரோ இடத்தையும் இயக்கத்தையும் தனித்தனியே ஆராய்ந்தனர், அதுவே அவர்களது சிந்தனையின் உண்மையான ஆழம். தருமம் இல்லாத இடத்தில் இயக்கம் இல்லை என்னும் விதிக்கு முத்தி பெற்ற உயிரும் விலக்கன்று. வினை நீங்கிய உயிர் இயல்பாகவே மேல்நோக்கி எழும் எனக் கூறும், சமண அறிஞர் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திர மரபு, அது உலகின் உச்சியிலேயே நின்றுவிடுவதற்கும் அதற்கு அப்பால் தருமம் இல்லாமையையே காரணமாகக் காட்டுகிறது.