சேணமும் கடிவாளமும்

2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், குதிரையேற்றத்தின் டிரஸ்ஸாஜ் தனிநபர் பிரிவில் மலேசிய வீரர் காபில் அம்பாக் தங்கப்பதக்கம் வென்றார். அரங்கில் அவரும் குதிரையும் சேர்ந்து இயங்கியது சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களுக்கு முன்பு, இலாயத்தில் குதிரையைத் தயார்ப்படுத்தும் வேலை ஒன்று உண்டு. அதைத் தொலைக்காட்சி காட்டுவதில்லை.

ஜொகூர், போலோ விளையாட்டுக்குப் பெயர் பெற்ற மாநிலம். நம் மாமன்னர் சுல்தான் இப்ராகிம் அவர்களும் போலோ ஆடியவரே. ஆயினும் தம்போய்க் குடியிருப்புகளில் வளரும் மாணவர்களுள் பெரும்பாலோர் குதிரையை வேலிக்கு அப்பால் நின்றுதான் பார்த்திருப்பர். வேலியைத் தாண்டி உள்ளே சென்றால் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது சவாரி அன்று, சேணம் பூட்டுதல்.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டியர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கடல் வழியாக வாங்கியதையும், அவற்றுள் மிகப்பல ஓராண்டுக்குள் மடிந்ததையும் எழுதியுள்ளார். குதிரையைப் பேணத் தெரிந்தவர்களும் லாடம் அடிப்பவர்களும் அங்கு இல்லாமையே அதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் தரும் குறிப்பின்படி, ஒரு குதிரையின் விலை 220 பொற்காசுகள். வழியில் கப்பலிலேயே இறந்த குதிரைக்கும் அந்த விலை கொடுக்கப்பட்டதாம்! இவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகளைக் காப்பாற்றும் அறிவைப் பொன்னால் வாங்க முடியவில்லை. பிற்காலத்தில் திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் சிற்பிகள் செதுக்கிய குதிரைகள், முன்னங்கால்களைத் தூக்கியபடி இன்றும் கம்பீரமாக நிற்கின்றன. கல் குதிரைக்கு முதுகு புண்ணாவதில்லை.

உயிருள்ள குதிரைக்குப் புண்ணாகும். ஆகவே, சேணத்தைக் கையில் எடுப்பதற்கு முன் குதிரையைத் துலக்க வேண்டும். முதுகிலும் வயிற்றுவார் படும் இடத்திலும் ஒட்டியிருக்கும் மணல், காய்ந்த வியர்வை, வைக்கோல் துரும்பு ஆகியவற்றைத் தூரிகையால் அகற்ற வேண்டும். ஒரு சிறு கல் நம் காலணிக்குள் இருந்தால் எப்படி நடப்போம்? சேணத்துக்கு அடியில் சிக்கிய துரும்பு குதிரைக்கு அப்படித்தான். கூடவே, நம் எடையும் அதன்மேல் அழுத்தும். பிறகு நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்து, உள்ளே சிக்கிய கற்களைக் கொக்கியால் எடுத்துவிட வேண்டும்.

குதிரையை நெருங்கும் முறையும் முக்கியம். அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய சுற்றியுள்ள எல்லாவற்றையும் அது பார்க்கும். ஆனால், நேர் பின்புறமும் நெற்றிக்கு நேர் முன்னால் மிக அருகிலும் அதற்குத் தெரியா. பின்னால் இருந்து ஓசையின்றி வருபவரைப் புலியென்று எண்ணி உதைப்பது குதிரையின் குற்றம் அன்று. எனவே, பக்கவாட்டில், தோளை நோக்கி, பேசிக்கொண்டே செல்ல வேண்டும். இடப்பக்கம் நின்று வேலை செய்வதே வழக்கம். வாளை இடுப்பின் இடப்புறம் தொங்கவிட்ட வீரர்கள் இடப்பக்கமாக ஏறியதால் இவ்வழக்கம் வந்தது என்பர்.

முதலில் மெத்தை விரிப்பு; அதன்மேல் சேணம். இரண்டையும் கழுத்தும் முதுகும் சேரும் மேட்டுப்பகுதியில் சற்று முன்னால் வைத்து, பின்னோக்கி மெல்ல இழுத்துப் பொருத்த வேண்டும். அப்போதுதான் உரோமம் வளரும் திசையிலேயே படியும். அதிகமாகப் பின்னால் போய்விட்டால் முன்னோக்கித் தள்ளக் கூடாது. தூக்கி மறுபடி வைக்க வேண்டும். சேணம் முதுகெலும்பை நேரடியாக அழுத்தாமல், அதன் இருபுறத் தசைகளின் மேல் அமர வேண்டும்.

அடுத்து வயிற்றுவார். இதில்தான் குதிரையின் குறும்பு தெரியும். வாரை இறுக்கும்போது சில குதிரைகள் மார்பை உப்பிக்கொள்ளும். இறுகிவிட்டது என்று நாம் நம்பிவிடுவோம். சற்று நேரத்தில் மூச்சை விட்டதும் வார் தளர்ந்துவிடும். அந்நிலையில் அங்கவடியில் கால் வைத்து ஏறினால், சேணத்தோடு சேர்ந்து நாமும் சரிந்துவிடுவோம். ஆகவே, வாரை ஒரே இழுப்பில் இறுக்காமல், ஒவ்வொரு துளையாக, இடைவெளி விட்டு இறுக்குவர்.

கடிவாளம் பூட்டுவது சேணத்தைவிட நுட்பமானது. குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல் இல்லாத ஈறுப்பகுதி ஒன்று உண்டு. கடிவாள இரும்பு அந்த இடத்தில்தான் அமர்கிறது. மென்மையான இடம் அது. முதலில் கடிவாள வாரைக் கழுத்தின்மேல் போட்டுக்கொண்டால், தலைக்கயிற்றை அவிழ்த்த பின்னும் குதிரை நம் கைப்பிடியில் இருக்கும். பின்னர் இரும்பை உள்ளங்கையில் ஏந்தி, கட்டைவிரலை வாயோரத்தில் அந்தப் பல்லில்லா இடத்தில் வைத்தால் குதிரை தானாக வாய் திறக்கும். பல்லில் இரும்பு இடித்துவிட்டால் அடுத்த நாள் அது தலையை உயர்த்திக்கொண்டு நம்மைக் கிட்ட விடாது. காதுகளை மடக்காமல் மெதுவாக வாருக்குள் நுழைத்து, நெற்றி மயிரை வெளியே எடுத்துவிட வேண்டும். மூக்குவாருக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். தொண்டைவாருக்குள் ஒரு கைமுட்டி நுழைய வேண்டும். 'கடிவாளம் போடு' என்றால் அடக்கு என்று நாம் பொருள் கொள்கிறோம். பழகியவர் கையில் கடிவாளம் அடக்குவதைவிடப் பேசுவதே அதிகம்.

நம் நாட்டு ஈரக்காற்றில் தோல் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். ஆதலால் ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் சேணத்தையும் வார்களையும் துடைத்துக் காய வைப்பர். தையல் இற்றுப்போன வார் ஒன்று ஓட்டத்தின் நடுவே அறுந்தால் என்ன நேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எல்லாம் பூட்டியதும் குதிரையைச் சில அடிகள் நடத்திச் செல்வர். மூச்சு சீராகி மார்பு தளர்ந்திருக்கும். இப்போது வயிற்றுவாரை மீண்டும் தொட்டுப் பார்த்து, தேவையானால் இன்னும் ஒரு துளை இறுக்குவர். அங்கவடிகளைக் கீழே இறக்கி, கை நீளத்தோடு அளந்து சரிசெய்வர். அதன் பிறகே ஏறுவர்.