மாடு விரும்பித் தின்றால்தான் தீவனம்!

பசுக்கள் தவமிருந்து கொம்பு பெற்ற தலம் திருவாமாத்தூர் என்கிறது அவ்வூர்க் கோயிலின் தல வரலாறு. ஊரின் பெயரிலேயே 'ஆ' இருக்கிறது. விழுப்புரத்தை ஒட்டிய இப்பகுதியில் வைக்கோலையும் கரும்புத் தோகையையும் நம்பி மாடு வளர்க்கும் குடும்பங்கள் பல. பசுந்தீவனம் குறைந்தால் பால் குறையும். அதை ஈடுகட்ட வாங்கும் புண்ணாக்கும் தவிடும் பால் காசை விழுங்கிவிடும்.

புல் வளர்ந்தால் மட்டும் போதாது. மாடு அதை மிச்சம் வைக்காமல் தின்ன வேண்டும். நேப்பியர் புல் ஆளுயரத்துக்கு மேல் வளரும், பல ஆண்டுகள் நிலைக்கும். ஆனால், தண்டு கட்டையாகும். இலையில் சுணை இருக்கும். மாடு நுனியைத் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கும். தீவனக் கம்பு மென்மையானது. ஆனால், ஒரு பருவத்தோடு முடிந்துவிடும்.

இரண்டின் நல்ல குணங்களையும் சேர்த்து உருவாக்கப்பட்டதுதான் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட கோ 4 ரகம், தீவனக் கம்பு கோ 8-ஐயும் நேப்பியர் எப்.டி. 461-ஐயும் ஒட்டுச் சேர்த்து வந்தது. சாறுள்ள தண்டு, சுணையில்லாத இலை ஆகியவை இதன் சிறப்பு. 2012-ல் கோ 5 வந்தது.

'இதற்கு விதை எங்கே கிடைக்கும்?' என்று பலர் கேட்கிறார்கள். கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியருக்கு 28, ஒட்டுப்புல்லுக்கு 21. இவை சரியாக இணை சேராததால் முளைக்கும் விதை உண்டாவதில்லை. விதை என்று யார் விற்றாலும் வாங்க வேண்டாம். கரணைதான் நட வேண்டும்.

60-க்கு 50 செ.மீ. இடைவெளியில் 10 சென்ட் நிலத்துக்குச் சுமார் 1,350 கரணைகள் தேவை. கோ 4 ரகத்தின் விளைச்சல் ஆண்டுக்கு எக்டருக்கு 375 முதல் 400 டன். பாசன வசதி இருந்து, அதில் பாதி கிடைத்தாலே, 10 சென்ட்டிலிருந்து தினம் 20 கிலோ பசும்புல் வரும்.

நட்ட 75-80 நாளில் முதல் அறுப்பு. பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. இதைத் தள்ளிப்போட்டால் நல்ல ரகமும் கட்டையாகி, தொட்டியில் மிச்சமாகும். ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் தழைச்சத்து இட்டு நீர் பாய்ச்ச வேண்டும்.

இந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட், சுண்ணாம்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். எனவே, புல்லை மட்டும் போடாமல், மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால் கலந்து, நறுக்கிப் போடுவது நல்லது.

ரகம், நடவு பற்றிய ஆலோசனைக்குத் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.